மனு எழுதத் தெரியுது, திட்டம் எழுத ஏன் வரமாட்டேங்குது?

திங்கக்கிழமை காலைல கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்ப் பாருங்க, திருப்பூரோ ஈரோடோ கோயமுத்தூரோ, எங்க போனாலும் ஒரே மாதிரிதான். ஆளாளுக்குக் கையில ஒரு மனு. ரோடு வேணும், சாக்கடை வேணும், லைட் எரியல, பத்து நாளா தண்ணி வரல. சீல் குத்தி ஒரு நம்பர் கொடுப்பாங்க, அப்புறம் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பியாச்சுன்னு ஒரு மெசேஜ் வரும், அதோட அந்த வருஷம் முடிஞ்சுது. நான் மனு கொடுக்காதீங்கன்னு சொல்லலீங்க. ஒரு தெருவுல இருந்து இருபது மனு போகுது, ஆனா அந்தத் தெருவுக்கு மொதல்ல என்ன வேணும், ரெண்டாவது என்ன, எதை அஞ்சு வருஷம் தள்ளிப் போடலாம்னு எழுதுன ஒரு காகிதம் யார்கிட்டயும் இல்ல. அதுதான் எனக்கு ஆதங்கம்.

நம்ம ஆளுகளுக்குத் திட்டம் போட வராதுன்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். மாரியம்மன் நோம்பி சாட்டுனா பாருங்க, பூச்சாட்டு என்னைக்கு, கம்பம் நடறது என்னைக்கு, தலைக்கட்டு வரி எவ்வளவு, பந்தல் யாரு, தண்ணி லாரி யாரு, எல்லாம் ரெண்டே கூட்டத்துல முடிவாகி, கடைசில கணக்கு வாசிக்கறப்ப நூறு ரூபா இடிச்சாக்கூட விடமாட்டாங்க. ஆனா அதே நோம்பில யார்கிட்ட வரி வாங்கறாங்க, யாரை விட்டுட்டுப் போறாங்கன்னும் பாக்கோணும். வரி கேக்காம விடறதைச் சலுகைன்னு நெனைக்காதீங்க, நீ இந்த ஊர்க் கணக்குல இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றது அது. ஏரியா திட்டம்னு உக்காந்தா இந்தப் பழக்கமும் கூடவே வந்து உக்காந்துக்கும், அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

சட்டத்துல இடம் இல்லாம இல்ல. 1992ல அரசியல் சட்டத்துல 74வது திருத்தம் கொண்டு வந்தாங்க, 3 லட்சம் பேருக்கு மேல இருக்கற நகரத்துல வார்டு கமிட்டி வேணும்னு அதுலயே இருக்குது. நம்ம தமிழ்நாட்டுல வார்டு கமிட்டிக்கும், வார்டுக்குள்ள ஏரியா ஏரியாவா ஜனங்க கூடற ஏரியா சபாவுக்கும் விதி வந்தது 2022லதான், அந்த வருஷம் நவம்பர் 1ந் தேதி மொத ஏரியா சபா நடந்துச்சு. முப்பது வருஷம் ஆயிப்போச்சுங்க. கிராமத்துல நெலமை பரவால்ல, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு கிராம சபை, அதுல கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம்னு ஒண்ணு வெச்சு ஒப்புதல் வாங்கோணும். 501ல இருந்து 3000 பேர் வரைக்கும் இருக்கற ஊராட்சின்னா 100 பேராச்சும் வந்திருக்கோணும்னு கணக்கு. நடக்கறது என்னன்னு உங்களுக்கே தெரியும், தீர்மானத்தை முன்னாடியே எழுதி வெச்சிருப்பாங்க, நூறு நாள் வேலைக்குப் போறவங்களைக் கூட்டிட்டு வந்து கையெழுத்து வாங்கிட்டு டீ கொடுத்து அனுப்பிருவாங்க. 2025 ஜனவரி 5ஓட நம்ம பக்கத்து ஊராட்சித் தலைவருங்க பதவிக்காலமும் முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போச்சு. ஓட்டுக் கேட்டு வரவேண்டிய அவசியமே இல்லாத ஒருத்தர் கைல பொறுப்பு இருக்கறப்பத்தான் ஊர் தன் திட்டத்தைத் தானே எழுதி வெச்சிருக்கோணும்.

சரி, எப்படி எழுதறது? கூட்டம் போட்டு ஆரம்பிக்காதீங்க, கூட்டம்னாலே மைக் புடிக்கற நாலு பேர்தான் பேசுவாங்க. மொதல்ல நடங்க. காலைல தண்ணி வுடற நேரத்துல ஒருக்கா, ராத்திரி கம்பெனி ஷிஃப்ட் விட்டு பொம்பளைப் பிள்ளைங்க வர்ற நேரத்துல ஒருக்கா, நல்ல மழை பேய்ஞ்ச அன்னைக்குக் கண்டிப்பா ஒருக்கா. மூணு நேரத்துலயும் ஒரே தெரு மூணு தெருவா இருக்கும். எங்க ஏரியால பகல்ல பாத்தா லைட்டெல்லாம் வரிசையா ஜோரா இருக்கற மாதிரிதான் தெரியும், ராத்திரி நடந்தாத்தான் பஸ் ஸ்டாப்புல இருந்து வரிசையா வாடகைக்குக் கட்டி விட்டிருக்கற லைன் வீடு வரைக்கும் உள்ள தடம் முழுக்க இருட்டுன்னு தெரியும். சர்வீஸ் ரோடு பளபளன்னு எரியுது, அந்தப் பக்கம் நடக்க ஆளே இல்ல.

அப்புறம் நெலம். பாதித் திட்டம் செத்துப் போறது இங்கதானுங்க. எல்லாரும் பூங்கா கேக்கறாங்க, ரேஷன் கடைக்குக் கட்டடம் கேக்கறாங்க, அங்கன்வாடி கேக்கறாங்க, இடம் எங்கன்னு கேட்டா பதில் இல்ல. நம்ம பக்கம் ரிசர்வ் சைட்டுன்னு சொல்றோமே அதைத் தேடிப் புடிங்க. 3000 சதுர மீட்டருக்கு மேல லேஅவுட் போட்டா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதத்தைப் பொது இடமா ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கோணும்னு விதி. லேஅவுட் வரைபடத்துல பச்சைக் கலர்ல அழகா இருக்கும், நேர்ல போனா ஒருத்தர் கார் ஷெட் போட்டிருப்பாரு, இன்னொருத்தர் புள்ளையார் கோயில் கட்டியிருப்பாரு, கோயில் கட்டிட்டா அப்புறம் யாரு வாயத் தொறக்கறது. லேஅவுட் மேப் நகல் கேளுங்க, கொடுக்கலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, தானப்பத்திரம் நெசமாலுமே பதிவாச்சா, ரெவின்யூ ரெக்கார்டுல பேர் மாறுச்சான்னு பாருங்க. சர்வே நம்பரோட எழுதுன ஒரு வரி, சர்வே நம்பர் இல்லாத பத்துப் பக்க மனுவைவிடப் பெருசு.

சாக்கடையும் அப்படித்தான். எங்க வீட்டு முன்னாடி சாக்கடை வேணும்னு எல்லாருமே கேப்பாங்க, தண்ணி கடைசில எங்க போய் விழும்னு கேக்கமாட்டாங்க. பள்ளத்துலதான் விழோணும், அந்தப் பள்ளம் ஓடை புறம்போக்குன்னு ரெக்கார்டுல இருக்கும், நேர்ல பாத்தா பாதி ஓடைல மண்ணைக் கொட்டி குடோன் நிக்கும். கொத்தனார்கிட்ட மட்டம் பாக்கற தண்ணி ட்யூப் இருக்கும் பாருங்க, அதை வெச்சே எந்தத் தெரு மேடு எது தாழ்வுன்னு ஒரு ஞாயித்துக்கிழமைல பாத்துறலாம், இதுக்கு கன்சல்டன்ட் எல்லாம் வேண்டியதில்ல. அதைப் பாத்தாத்தான் வரிசை புரியும். மொதல்ல பள்ளம், அப்புறம் பாதாளச் சாக்கடை, தண்ணிக் குழாய், எல்லாத்துக்கும் கடைசிலதான் ரோடு. நம்மூர்ல தலைகீழாத்தானே நடக்குது, தார் போட்ட ஈரம் காயறதுக்குள்ள குழாய்க்காரன் வந்து தோண்டுவான். ரோட்டை ரெண்டு வருஷம் தள்ளிப் போடுங்கன்னு ஜனங்களே எழுதிக் கொடுத்தா எந்த ஆபீஸரும் ஒரு நிமிஷம் நிமிந்து பாப்பாரு. வேணும்னு கேக்க எல்லாராலயும் முடியும், இப்ப வேண்டாம்னு ஒரு ஏரியாவே சேர்ந்து சொல்றதுதான் திட்டம்னு நான் நெனைக்கறேன், அதுக்கு நமக்குள்ளயே நல்லா ஒரு சண்டை போட்டாகோணும். அந்தச் சண்டை கவுன்சிலர் வீட்டு வாசல்ல நடக்கறதுக்குப் பதிலா நம்ம திண்ணைலயே நடக்கட்டும்.

இப்ப அந்த வரி விஷயத்துக்கு வர்றேன். வீட்டு ஓனர்கள் சங்கம் எழுதறது ஏரியா திட்டம் ஆகாதுங்க. திருப்பூர்ல ஒரு தெருவுல பத்து ஓனர் இருந்தா நூறு பேர் வாடகைல இருப்பாங்க, லைன் வீட்டுல ஒடிசா பீகார்க்காரங்க, தேனி மதுரைல இருந்து வந்தவங்க, அவங்க பனியன் தெச்சுத்தான் இந்த ஊரே ஓடுது. அவங்ககிட்ட கேட்டா பூங்காவா கேப்பாங்க? பொதுக் கழிப்பிடம் கேப்பாங்க, புள்ளைங்களை விட்டுட்டுப் போக பாலவாடி கேப்பாங்க. கிராமத்துல தெக்கால இருக்கற எஸ்சி குடியிருப்புக்காரங்களைக் கோயில் மைதானத்துக்குக் கூட்டம்னு கூப்பிட்டா வருவாங்களா, வந்தாலும் பேசுவாங்களா? கூட்டத்தை அங்க கொண்டு போங்க. ஸ்கூல்ல வைங்க, ரேஷன் கடை முன்னாடி வைங்க. மகளிர் குழுக்காரங்க கிராமத்துல வறுமை ஒழிப்புத் திட்டம்னு வீடு வீடா கேட்டு ஒரு லிஸ்ட் எழுதறாங்க, ஊராட்சித் திட்டத்துல அதைச் சேக்கோணும்னு ஏற்பாடே இருக்குது. பல ஊர்ல அந்த நோட்டு பீரோவுல தூங்குது, எழுப்பி எடுத்து வெச்சுட்டே ஆரம்பிக்கலாம்.

பணம் எங்க இருந்து வரும்ங்கறது அடுத்த கேள்வி. 2021லருந்து 2026 மார்ச் வரைக்கும்னு மத்திய அரசோட 15வது நிதிக்குழு ஊராட்சிக்கு ஒதுக்குன மானியத்துல 60 சதவீதம் குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப் போட்ட பணம், அதுல சமுதாயக் கூடம் கேட்டா கெடைச்சிருக்காது, குட்டை தூர் வாரக் கேட்டா வழியிருந்துச்சு. அதனால ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்துல எந்தத் தலைப்புப் பணம்னு பென்சில்ல எழுதுங்க. நமக்கு நாமே திட்டம்னு ஒண்ணு இருக்குது, மூணுல ஒரு பங்கு ஜனங்க போட்டா மிச்சம் அரசாங்கம் போடும். நல்ல திட்டம்தான், ஆனா எனக்கு அதுல ஒரு உறுத்தல், மூணுல ஒரு பங்கு போட வசதி இருக்கற ஏரியாதான் முன்னால போகும், லைன் வீட்டுத் தெரு அப்படியே கெடக்கும். கேரளாவுல 1996ல மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சப்ப மாநிலத் திட்டப் பணத்துல 35லருந்து 40 சதவீதம் உள்ளாட்சிக்குன்னு மொதல்லயே ஒதுக்கிட்டு, அப்புறம்தான் ஜனங்களைத் திட்டம் போடச் சொன்னாங்க, இங்க அது இல்லாம வெறும் கையோட பேசச் சொன்னா யாருக்கு உக்காரத் தோணும்.

ஆனாலும் நம்ம பக்கமே ஓடந்துறை இருக்குதுங்களே. மேட்டுப்பாளையம் பக்கத்து ஊராட்சி. தண்ணி பம்ப்புக்கும் தெருவிளக்குக்கும் கரண்ட் பில் ஏறிட்டே போகுதுன்னு தன் கணக்கைத் தானே பாத்து, 2006ல பேங்க் கடன் வாங்கி 350 கிலோவாட் காத்தாலை வாங்கி, மிச்ச கரண்ட்டை மின்வாரியத்துக்கே வித்தாங்க. எல்லா ஊரும் காத்தாலை வாங்க முடியாது, பில்லை எடுத்து வெச்சுப் பாக்க முடியுமில்ல.

எழுதி வெக்கலைன்னா என்ன ஆகும்னு அத்திக்கடவு அவிநாசி தண்ணித் திட்டத்தைப் பாருங்க. தலைமுறை தலைமுறையா போராடி 2024 ஆகஸ்ட்டுல திறந்தாங்க, 1,045 ஏரி குளம் குட்டைக்குத் தண்ணி. அந்த லிஸ்ட்டுல பேர் வந்த குட்டைக்குக் குழாய் போச்சு, வராத குட்டைக்காரங்க ரெண்டாவது திட்டத்துல சேருங்கன்னு இன்னும் நடந்துட்டிருக்காங்க. கோயமுத்தூர் மாஸ்டர் பிளானும் அந்தக் கதைதான், 1994ல ஒண்ணு, அப்புறம் 2041க்குன்னு வரைவு வந்தது 2024ல. எங்க என்ன கட்டலாம்னு காட்டறதுக்கு உங்க தெருவை மஞ்சக் கலர்லயோ ஊதாக் கலர்லயோ போட்டுட்டு ஆட்சேபணை சொல்ல ரெண்டு மாசம் டைம் கொடுப்பாங்க, கைல மேப்பே இல்லாதவன் ரெண்டு மாசத்துல என்னத்தைச் சொல்றது?

நாலு பக்கம் போதுங்க. ஒரு மேப், சர்வே நம்பரோட வேலை வரிசை, எது எந்தப் பணம், கட்டுனதுக்கப்புறம் யாரு பாத்துக்கறது. கடைசியா சொன்னதை விட்டுறாதீங்க, ஜிம் சாமான் துருப் புடிச்சுப் பூட்டிக் கெடக்கற பூங்கா ஊரெல்லாம் இருக்குது, சாவி யார்கிட்டன்னு கேட்டா காண்ட்ராக்டர்கிட்டம்பாங்க. ஏரியா சபாவுலயோ கிராம சபைலயோ வெச்சு, மினிட் புக்குல ஏத்தி, அந்தப் பக்கத்தோட நகல் வாங்குங்க. ஒரு காப்பி கவுன்சிலருக்கு, ஒண்ணு உதவிப் பொறியாளர் ஏ.இக்கு, ஒண்ணு கமிஷனர் ஆபீஸ் தபால்ல சீல் வாங்கி. பட்ஜெட் மார்ச்சுக்குள்ள போட்டுருவாங்க, அதனால தை பொறக்கறதுக்கு முன்னாடியே கொடுத்துருங்க, மாசில கொடுத்தா அது அடுத்த வருஷத்து மனுதான்.