'எடையைக் குறைச்சிட்டு வாங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

எனக்கு பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று உறுதியான அன்று டாக்டர் சொன்னது ஒரே வரி: "வெயிட்டைக் குறைச்சிட்டு வாங்க." எத்தனை கிலோ, எப்படி, எதற்கு என்று எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி பட்டினி. இரண்டு மாதம் ஒரு வேளைச் சாப்பாட்டோடு ஓட்டினேன். ஆறு கிலோ இறங்கியது, அப்புறம் எட்டு கிலோ ஏறியது. கூடவே, ராத்திரியில் யாரும் பார்க்காதபோது அள்ளி அள்ளிச் சாப்பிடும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து மீள ஒரு வருஷம் ஆனது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அன்றே யாராவது விளக்கியிருக்கலாம். எங்களில் நிறைய பேருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதை ஈடுகட்டக் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. மிஞ்சிய இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்களுக்குரிய ஹார்மோன்களைக் கூட்டிவிடுகிறது. முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் அந்த வழியில் வருபவை. எடை ஏற ஏற இந்தச் சிக்கல் இறுகும், உண்மைதான். ஆனால் ஒல்லியான பெண்களுக்கும் இது வருகிறது. 'கண்டதைத் தின்று வரவழைத்துக்கொண்டாய்' என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். (நீர்க்கட்டி என்கிறோமே, அவை கட்டிகளே அல்ல. முழுதாக வளராமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகள்.)

பிறகுதான் தெரிந்தது, உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது என்று. 80 கிலோ இருப்பவருக்கு அது வெறும் 4 கிலோவில் ஆரம்பிக்கிறது! நானோ 25 கிலோ குறைக்க வேண்டும் என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

எந்த டயட் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 2023இல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல், பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு ஒரு உணவுமுறை இன்னொன்றைவிட மேல் என்று காட்ட ஆதாரம் இல்லை என்கிறது. அப்படியிருக்க 'இதுதான் பி.சி.ஓ.எஸ். டயட்' என்று பணம் வாங்கிக்கொண்டு பட்டியல் நீட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிட முடிகிற உணவு எதுவோ, அதுவே நல்ல டயட் என்பது என் கருத்து. நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன். புரதமும் நார்ச்சத்தும் கூட்டினேன், இனிப்புப் பானங்களை நிறுத்தினேன். நாலரை கிலோ குறைய ஏழு மாதம் பிடித்தது. மாதவிடாய் திரும்ப வந்த அன்று அழுதுவிட்டேன்.

இன்னொன்று. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வரவில்லை என்றால், எடை குறையட்டும் என்று காத்திருக்காதீர்கள். கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகலாம். அதற்கு மாத்திரை இருக்கிறது, உடனே போய்க் கேளுங்கள்.