அக்வாடிக் ஆம்பியன்ஸ்: 64 கிலோபைட்டுக்குள் ஒரு கடல்

வீடியோ கேம் இசையை எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது 1994இல் சூப்பர் நின்டெண்டோ கேம் கன்சோலுக்கு வந்த 'டாங்கி காங் கன்ட்ரி'. அதிலும் முதலில் 'அக்வாடிக் ஆம்பியன்ஸ்'. தண்ணீருக்கடியில் நீந்தும் கட்டங்களுக்காக இங்கிலாந்தின் ரேர் நிறுவனத்தில் டேவிட் வைஸ் போட்ட இசை.

அந்த மெஷினின் கணக்கு தெரிந்தால் ரசனை இரட்டிப்பாகும். ஒலிக்கென்று இருந்த மெமரி மொத்தமே 64 கேபி. சிடி தரத்தில் அதில் அரை வினாடிகூட அடங்காது. வாத்திய சாம்பிள்கள் (பதிவுசெய்த சிறு ஒலித்துண்டுகள்), நோட்டுகள், அவற்றை வாசிக்கும் புரோகிராம் எல்லாமே அதற்குள்தான். சாம்பிள்களை 32 பைட்டுக்கு 9 பைட் என்று சுருக்கித்தான் வைக்க முடியும். எதிரொலியும் இதே மெமரியைத்தான் தின்னும்: 16 மில்லிவினாடி தாமதத்துக்கு 2 கேபி. கால் வினாடி எதிரொலி கேட்டால் கிட்டத்தட்ட பாதி மெமரி போச்சு. ஒரே நேரத்தில் ஒலிப்பதும் 8 குரல்கள்தான், அதாவது எட்டுத் தனி ஒலிகள்; அதில்தான் கேமின் நாயகனான குரங்கின் சத்தமும் எதிரியின் சத்தமும் பங்கு கேட்கும்.

நீண்ட சாம்பிளுக்கு இங்கே இடமே கிடையாது. வைஸ் பிடித்த வழி, கார்க் வேவ்ஸ்டேஷன் சிந்தசைசரின் பாணி: குட்டிக் குட்டி அலைவடிவங்களை அடுத்தடுத்துக் கோத்து, ஒலியின் நிறத்தை நகர்த்திக்கொண்டே போவது. பின்னணியில் நீண்டு நிற்கும் ஒலியை மட்டும் தனியாகக் கவனியுங்கள். சுருதி அசையாமல் நிற்கும்போதும் உள்ளே ஏதோ புரண்டுகொண்டே இருக்கும். நீரோட்டம் என்று நாம் உணர்வது அதைத்தான். ஆர்கெஸ்ட்ரா கவர்கள் நிறைய இருக்கின்றன, சில மிக அழகானவை. ஆனால் இந்தப் புரளல் அவற்றில் இல்லை என்பதால் முதல் கேட்பு மூல வடிவமாகவே இருக்கட்டும்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் முழுக்கக் காணாமல் போகும். சாதாரண ஹெட்போன் போதும். 2003இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கன்சோலுக்கு வந்த பதிப்பைத் தவிர்த்துவிடுங்கள். சூப்பர் நின்டெண்டோவின் ஒலி சிப் அதில் இல்லை. சாம்பிள்களைக் கலக்கும் வேலையும் பிராசசர் தலையில் விழுவதால் இரைச்சல் கூடிவிட்டது. எமுலேட்டரில் (பழைய கன்சோலைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்) கேட்பவர்கள் ஒலி அமைப்பில் இன்டர்போலேஷனை, அதாவது சாம்பிள் புள்ளிகளுக்கு இடையே நிரப்பும் முறையை, 'காஸியன்' என்றே வையுங்கள். அசல் சிப் செய்வது அதுதான். அதை அணைத்தால் ஒலி கூர்மையாவதுபோல் தோன்றும், ஆனால் உச்ச ஸ்தாயியில் கரகரப்பு வந்து அந்த மென்மை போய்விடும். நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் வைத்திருந்தால் இந்தச் சிரமமே இல்லை, அதன் ஆன்லைன் சந்தாவிலேயே கேம் இருக்கிறது. முதல் உலகத்தின் நான்காவது கட்டமான 'கோரல் கேப்பர்ஸ்' வரை போனால் போதும்.

இது பிடித்துவிட்டால் அடுத்தது 1995இல் வந்த இரண்டாம் பாகத்தின் 'ஸ்டிக்கர்புஷ் சிம்பொனி'. அதுவும் வைஸ்தான், அதே 64 கேபிதான்.