வி.ஆர். கண்ணாடி மாத்திரைக்கு மாற்று இல்லை

அண்ணே, 'வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கண்ணாடி மாட்டி நடந்தால் பார்கின்சன் நோய் குணமாகும், மாத்திரையே வேண்டாம்' என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். குணமாகாது. அந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடம்பு விறைத்துக் காய்ச்சல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

நடைக்கு உதவும் என்பது சரிதான். 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், வெறும் டிரெட்மில்லைவிட மெய்நிகர் காட்சியும் சேர்ந்த பயிற்சிக்குப் பிறகு கீழே விழுவது குறைந்தது. ஆனால் அங்கே யாரும் கண்ணாடி மாட்டவில்லை! எதிரே திரை, அதில் அவர்கள் பாதத்தின் அசைவு, தாண்ட வேண்டிய தடைகள். விழாமல் பிடிக்க உடம்பில் பெல்ட். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அதே வருஷத்துக் காக்ரேன் தொகுப்பாய்வும் காலடி நீளம் கூடலாம் என்கிறது, சான்று வலுவில்லை என்றும் சொல்கிறது.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு நிலைப்படி வந்தாலே, பார்கின்சன் உள்ள அப்பாவுக்குக் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். பிசியோதெரபிஸ்ட் சொல்லி, தரையில் குறுக்கே கலர் டேப் ஒட்டினோம். கோட்டைப் பார்த்துப் பார்த்துக் காலைத் தூக்கி வைக்கிறார். அந்த இடத்தில் கண்ணை மறைக்கும் கண்ணாடியா? காசு போடும் முன் ஸ்டான்லி ஆஸ்பத்திரி நரம்பியல் ஓ.பி.யில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.