நியாண்டர்தால்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?

"இன்னும் கற்காலத்துலயே இருக்கான்யா" என்று ஆளாளுக்குத் திட்டுகிறோம். கற்காலத்து ஆள் கல் உடைத்த விதத்தைப் பார்த்தால் அப்படித் திட்ட வாய் வராது.

நியாண்டர்தால்கள் (நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனம்) கல்லுடைக்கப் பெரிதும் கையாண்ட லெவல்வா முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு சிக்கிமுக்கிக் கல். முதலில் சுற்றுவிளிம்பு முழுக்கத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். பிறகு மேல்முகத்தில் சின்னச் சின்னச் சில்லுகளாகப் பெயர்த்து, ஆமை ஓடு மாதிரி லேசான மேடாக்க வேண்டும். அடி விழப்போகும் இடத்தைத் தனியாகச் செதுக்க வேண்டும். இவ்வளவும் முடிந்தபின் ஒரே அடி. சுற்றிலும் கூர் உள்ள பெரிய சில்லு, நினைத்த வடிவத்தில் பெயர்ந்து வரும். மேடு சரியாக அமையவில்லையா? சில்லு பாதியில் முறியும், அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். கடைசி அடியின் விளைவு முதல் அடிக்கு முன்பே மனதில் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது.

ஆனாலும் நெடுங்காலம் இவர்களுக்கு 'மந்த புத்தி' என்ற பட்டம்தான். நம் முன்னோர் ஐரோப்பாவுக்குள் வந்தபோது பிளேடுகள், அதாவது நீளமான, ஒடுங்கிய கல் சில்லுகள் செய்தார்கள்; அதுதான் நவீன மூளையின் அடையாளம் என்றார்கள் ஆய்வாளர்கள். 2008இல் தொல்லியலாளர் மெட்டின் ஏரன் குழுவினர் நியாண்டர்தால்கள் செய்த இன்னொரு வகையான வட்டுக்கல் சில்லுகளையும் பிளேடுகளையும் தாங்களே உடைத்துச் செய்து ஒப்பிட்டார்கள். பிளேடுதான் உசத்தி என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சில அளவுகோல்களில் சில்லுகளே முந்தின.

எனக்கு எரிச்சல் தருவது இதுதான். இஸ்ரேலின் ஸ்கூல், கஃப்ஸே குகைகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் நம் இனம், ஹோமோ சேப்பியன்ஸ். அவர்கள் செய்ததும் இதே லெவல்வா கருவிகள்தான். அவர்களை யாரும் மந்தபுத்தி என்று சொல்லவில்லை. அதே கல், அதே கைவேலை; செய்தவர் நம்மாள் என்றால் தீர்ப்பு வேறு!

'நவீன நடத்தை' என்று வைத்திருக்கும் பட்டியலும் அப்படித்தான். நியாண்டர்தால்கள் பிர்ச் மரப்பட்டையிலிருந்து தார் எடுத்துக் கல்லைப் பிடியோடு ஒட்டியிருக்கிறார்கள். பிரான்சின் அப்ரி து மராஸில் மூன்று புரியாக முறுக்கிய நாரிழைக் கயிற்றுத் துணுக்கு கிடைத்தது. அதே நாட்டின் புரூனிகேல் குகைக்குள், வெளிச்சமே எட்டாத ஆழத்தில், தரையிலிருந்து முளைத்த சுண்ணாம்புக்கல் கூம்புகளை உடைத்து வளையமாக அடுக்கியிருக்கிறார்கள். வயது சுமார் 1,76,500 ஆண்டுகள். ஒவ்வொன்று கிடைக்கும்போதும் "சரி, ஆனால் ஓவியம் வரைந்தார்களா?" என்று கோட்டைத் தள்ளிப் போடுகிறோம். (ஓவியத் தடயம் காட்டினாலும் விடுவதில்லை, தேதியில் சண்டை!)

நம் பக்கத்திலும் இந்த வகைக் கல் உண்டு. சென்னைக்கு அருகே அதிரம்பாக்கத்தில் தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் கண்டெடுத்த லெவல்வா கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகள் வரை பழமையானவை என்று 2018இல் வெளியிட்டார்கள். உடனே "செய்தது ஹோமோ சேப்பியன்ஸ்தானே?" என்று பெருமையோடு பகிர்ந்தவர்கள் உண்டு. அங்கே மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை, சார். வெறும் கல்லை வைத்துச் செய்தவரின் இனத்தைச் சொல்ல முடியாது.