தலை போச்சா, இல்லையா?

போன வாரம் மச்சான் வீட்டில் ‘தி கிரீன் நைட்’ படம் போட்டோம். போடச் சொன்னது நான்தான். 2021-இல் வந்தபோதே தனியாகப் பார்த்துவிட்டேன். யாரோடாவது சேர்ந்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மச்சான் முதல் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் சாய்ந்தார். நரி வாயைத் திறந்து பேசியபோது அவர் கண்ணை மூடிவிட்டிருந்தார். பெயர்கள் ஓடும்போது விழித்துக்கொண்டு, “மாப்ள, கடைசியில தலை போச்சா, இல்லையா?” என்றார்.

இயக்குநர் டேவிட் லோவரியே சொல்லாமல் விட்டதை நான் எப்படிச் சொல்ல? அதோடு விட்டிருக்கலாம். “மூலக்கதையில என்னன்னு சொல்லு, அதான் கரெக்டா இருக்கும்” என்று ஒரு வார்த்தை சேர்த்தார் பாருங்கள், அதற்குத்தான் இந்தப் பதிவு.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பிரிட்டன் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னரின் அவையில் புத்தாண்டு விருந்து நடக்கிறது. உடம்பெல்லாம் பச்சையாக ஒருவன், பச்சைக் குதிரையோடே உள்ளே வருகிறான். “இந்தக் கோடாலியால் என்னை ஒரு வெட்டு வெட்டுங்கள். ஒரு வருஷமும் ஒரு நாளும் கழித்து அதே வெட்டை என்னிடம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறான். மன்னரின் அக்கா மகன் கவெய்ன் எழுந்து ஒரே வெட்டில் தலையை உருட்டிவிடுகிறான். வந்தவன் தலையைக் கையில் எடுத்துக்கொண்டு குதிரை ஏறுகிறான். கையில் இருக்கும் தலை, ‘மறக்காமல் வந்துவிடு’ என்று சொல்லிவிட்டுப் போகிறது.

14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயர் தெரியாத ஓர் ஆங்கிலக் கவிஞர் இதை 2,530 அடிகளில் எழுதினார். கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்றுதான் உண்டு. 1731-இல் அது இருந்த நூலகமே பற்றி எரிந்தபோது தப்பித்து, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

அந்தக் கவிதையில் தலை போவதில்லை. கோடாலி மூன்று முறை ஓங்கப்படுகிறது. மூன்றாவது முறை கழுத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். போகும் வழியில் தங்கிய வீட்டில், உயிரைக் காக்கும் என்று வீட்டுக்காரனின் மனைவி கொடுத்த பச்சை இடைக்கச்சையை, கிடைப்பதையெல்லாம் தருவதாக வாக்குக் கொடுத்தபடி அவனிடம் ஒப்படைக்காமல் கவெய்ன் ஒளித்து வைத்ததற்கு அந்தக் கீறல் தண்டனை. அவன் கூனிக் குறுகித் திரும்பி வந்து, அந்தக் கச்சையை அவமானச் சின்னமாகக் காட்டி எல்லாவற்றையும் சொல்கிறான். அவையே வாய்விட்டுச் சிரிக்கிறது. நாங்களும் ஆளுக்கொரு பச்சைப் பட்டை கட்டிக்கொள்கிறோம் என்கிறார்கள். ஒருவன் செத்துப் பிழைத்துத் தெரிந்துகொண்டதை மற்றவர்கள் ஒரு நிமிஷத்தில் ஃபேஷன் ஆக்கிவிடுகிறார்கள். தலை போயிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

லோவரி இதைத் தலைகீழாக்குகிறார். தேவ் படேல் நடிக்கும் கவெய்ன் இன்னும் வீரர் பட்டம்கூட வாங்கவில்லை; கிறிஸ்துமஸ் காலையில் வேசி வீட்டில் கண் விழிக்கிறான். சொல்லிக்கொள்ள ஒரு கதைகூட இல்லாதவன். கடைசிக் காட்சியில், தப்பி ஓடினால் வாழ்க்கை எப்படிப் போகும் என்பதை வசனமே இல்லாமல் ஓட்டிக் காட்டிவிட்டு, கச்சையை அவனே அவிழ்க்கும்படி செய்கிறார். கவிதையின் கவெய்ன் கச்சையோடு வீடு திரும்புகிறான். படத்தின் கவெய்ன் அதை அவிழ்த்த பிறகுதான் மனிதனாகிறான். படம் மெதுவாகப் போகிறது என்றால் ஒத்துக்கொள்கிறேன். மூலத்தைக் கெடுத்துவிட்டது என்றால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எந்த மூலத்தை? 1130-களில் ஜெஃப்ரி ஆஃப் மான்மவுத் லத்தீனில் எழுதிய ஆர்தர் கதையில், அவருடைய வீரர்கள் சுற்றி உட்காரும் அந்தப் பிரபலமான வட்டமேசையே இல்லை. மேசையை 1155-இல் வேஸ் என்ற கவிஞர் பிரெஞ்சில் கொண்டுவந்து போட்டார். ஆர்தரின் வீரர் லான்சலாட்டும் ராணி கினிவியரும் காதலித்த கதை அதற்கும் பிறகு, இன்னொரு பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியான் த துருவா கையால் வந்தது. இன்றைக்கு லான்சலாட் இல்லாமல் யாராவது படம் எடுத்தால் ‘ஒரிஜினலைக் கெடுத்துட்டாங்க’ என்று சண்டைக்கு வருவார்கள். அந்த ஆளே இடையில் வந்தவர்தான். பெரிய ஹீரோ ஒருவர் உள்ளே வந்ததும் பழைய ஹீரோவுக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? ஜெஃப்ரியிடம் முன்வரிசையில் நின்ற கவெய்ன் பிரெஞ்சு உரைநடைக் கதைகளில் சுருங்கிக்கொண்டே போனான்.

தாமஸ் மாலரி என்ற ஆங்கிலேயர் சிறையில் இருந்துகொண்டு இவை எல்லாவற்றையும் சேர்த்து எழுதி, 1485-இல் காக்ஸ்டன் என்ற அச்சகர் அதை அச்சிட்டபோது, கவெய்ன் பழிவாங்கும் வெறி பிடித்தவனாக ஆகியிருந்தான். தம்பிகளை லான்சலாட் கொன்றுவிட்டார், அதுவும் ஆயுதம் இல்லாமல் நின்றவர்களை. அந்த ஆத்திரத்தில் ராஜ்ஜியமே சரிகிறது. ஆனால் டோவரில் சாகும் தறுவாயில் அதே லான்சலாட்டுக்கு மன்னித்து ஒரு கடிதம் எழுதுகிறான், மன்னருக்கு உதவ வா என்று. மாலரியில் நான் திரும்பத் திரும்பப் புரட்டும் பக்கம் அது. காக்ஸ்டன் தன் முன்னுரையில், கவெய்னின் மண்டை ஓட்டை டோவர் கோட்டையில் பார்க்கலாம் என்று வேறு எழுதி வைத்திருக்கிறார். மச்சானுக்கு இதையும் சொன்னேன். “அப்ப தலை போகல” என்றார்.

ஒரு மறுகதை எப்படிப்பட்டது என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. ஆர்தரைப் பார்க்க மாட்டேன். கவெய்னை என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். மன்னர் எல்லாக் கதையிலும் கொஞ்சம் சிலைபோலத்தான் இருப்பார். பக்கத்தில் நிற்கும் மருமகனிடம்தான் எழுதுபவரின் குணம் தெரியும்.

பம்பாயில் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் டி. எச். ஒயிட், கவெய்னையும் அவன் தம்பிகளையும் அம்மாவின் பாசத்துக்கு ஏங்கும் பிள்ளைகளாக எழுதினார். அவளுக்குப் பிடிக்குமே என்று ஓர் ஒற்றைக்கொம்புக் குதிரையைக் கொன்று, தலையை அறுத்து, கஷ்டப்பட்டு இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அவள் அதைக் கவனிக்காமலே கடந்து போகிறாள். விஷயம் தெரிந்ததும் அவர்களுக்குச் சாட்டையடிதான் கிடைக்கிறது. பின்னால் ராஜ்ஜியத்தை உடைக்கப்போகிறவர்கள் இந்தப் பையன்கள்தான். குழந்தைகளுக்கான புத்தகம் என்று நினைத்து வாங்கிய நான் அந்த அத்தியாயத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

மான்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் கோஷ்டி 1975-இல் எடுத்த படத்தில் கவெய்னை ஒரு முயலிடம் சாகவிட்டது. அதுவும் எனக்குச் சம்மதமே. 2008-இலிருந்து 2012 வரை ஓடிய பிபிசியின் ‘மெர்லின்’ தொடரில் அவன் மதுக்கடையில் வம்புச் சண்டையோடு அறிமுகமாகிறான். ராஜகுடும்பத்து மருமகன் என்பதெல்லாம் போயே போச்சு. என் மகள் பள்ளியில் படிக்கும்போது அவளோடு உட்கார்ந்து முழுத் தொடரையும் பார்த்தேன். கடைசி அத்தியாயங்களுக்குப் பிறகு இரண்டு நாள் அவள் சரியாகப் பேசவில்லை. மாலரியை நான் எடுத்துப் படித்ததே அந்தத் தொடரால்தான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பண்டிதர்கள் முகம் சுளிக்கட்டும்.

எனக்கு அலுப்புத் தட்டுவது ‘இதுதான் உண்மையான ஆர்தர்’ என்று வரும் வகை. 2004-இல் வந்த ‘கிங் ஆர்தர்’ படம் தொல்லியல் ஆதாரம், வரலாறு என்று எழுத்துப் போட்டுத்தான் தொடங்குகிறது. மந்திரம் கிடையாது, ரோமானியப் படைவீரர்கள், சேறு, பனி. அதில் கவெய்னாக நடித்தவர் ஜோயல் எட்கர்டன். அவர் என்ன செய்தார் என்று கேட்டால் குதிரையில் வந்தார் என்பேன். அதே எட்கர்டன்தான் 2021 படத்தில் கவெய்னுக்கு இடம் கொடுத்துச் சோதிக்கும் பிரபுவாக வருகிறார். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

இனி, கசுவோ இஷிகுரோவின் ‘தி பரீட் ஜயன்ட்’. 2015-இல் வந்த நாவல். முடிவைத் தொடாமல் பேச முடியாது. படிக்காதவர்கள் இந்த ஒரு பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஆர்தர் செத்துப் பல வருஷங்கள் ஆகின்றன. நாடு முழுக்க ஒரு மூடுபனி. யாருக்கும் எதுவும் நினைவில் நிற்பதில்லை. துருப்பிடித்த கவசத்தோடு ஒரு கிழவர் ஹொரஸ் என்ற கிழக்குதிரையை நடத்திக்கொண்டு திரிகிறார். அவர்தான் கவெய்ன். ஒரு பெண் டிராகனைக் கொல்ல மன்னர் தனக்கு ஆணையிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார். உண்மையில் அவர் அதற்குக் காவலாள். அதன் மூச்சுதான் மறதியாகப் படர்கிறது. ஆர்தரின் ஆட்கள் ஒப்பந்தத்தை மீறி சாக்ஸன் கிராமங்களில் குழந்தைகள் உட்படக் கொன்றார்கள்; அது நினைவில் இல்லாத வரைக்கும்தான் பிரிட்டன்காரனும் சாக்ஸன்காரனும் அக்கம்பக்கத்தில் வாழ முடிகிறது. டிராகனைக் கொல்ல வந்த சாக்ஸன் இளைஞனிடம் கிழவர் தோற்றுச் சாகிறார். நான் யார் பக்கம் நின்றேன் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. கொன்றவர்களில் ஒருவர், அதை மூடி மறைத்தவரும் அவரே. ஆனாலும் அவர் விழுந்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பழைய கவிதையில் கவெய்ன் ஒரு கச்சையை ஒளித்தான். இங்கே அவர் ஒளித்திருப்பது ஒரு படுகொலையை. 600 வருஷம் கழித்து அந்தக் கவிஞரோடு இப்படிப் பேச வேறு யாராலும் முடியவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதற்காக எல்லாரும் இப்படி இருட்டாகத்தான் எழுத வேண்டும் என்றில்லை. யாரும் பெரிய படமாக எடுக்காமல் வைத்திருக்கும் ஒரு கவெய்ன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 15-ஆம் நூற்றாண்டுக் கதைப்பாட்டு. ஆர்தர் ஒரு முரட்டு ஆளிடம் நிராயுதபாணியாக மாட்டிக்கொள்கிறார். ‘பெண்கள் எல்லாவற்றையும்விட விரும்புவது எது? ஒரு வருஷத்தில் பதில் கொண்டு வா, இல்லையென்றால் தலை போகும்’ என்கிறான் அவன். மறுபடியும் தலை! மாமனும் மருமகனும் ஆளுக்கொரு திசையில் குதிரை ஏறி, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்டு, பதில்களை ஆளுக்கொரு புத்தகமாக எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஒன்றும் தேறவில்லை. கடைசியில் ரக்னெல் என்ற அவலட்சணமான பெண், கவெய்னைக் கட்டிவைத்தால் சொல்கிறேன் என்று சொல்லி, சரியான பதிலைத் தருகிறாள்: தன் விஷயத்தில் முடிவு எடுக்கும் உரிமை. கல்யாணம் ஆனபின், நான் பகலில் அழகாக இருக்கவா, இரவில் அழகாக இருக்கவா என்று அவள் கேட்கும்போது, உன் இஷ்டம் என்கிறான் கவெய்ன். சாபம் நீங்குகிறது.

இதை அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மச்சானுக்கு விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு மறுபடியும் கண் சொருகியது. அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அக்காதான் முழுக் கதையையும் கேட்டிருக்கிறார். கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, “ரெண்டு பேரும் ஒரு வருஷம் ஊர் ஊராப் போய் நோட்டு போட்டு எழுதினாங்களா? வீட்ல இருக்கவளை ஒரு தடவ கேட்டிருக்கலாமே” என்றார்.