வழக்கை வாபஸ் வாங்கினால் மட்டும் போதுமா?

தண்ணீர் கேட்டு மறியலில் உட்கார்ந்தவனுக்கும் சங்கிலி அறுத்தவனுக்கும் வேலைக்கு முன் நடக்கும் போலீஸ் விசாரணையில் விழுவது ஒரே வார்த்தைதான்: "கேஸ் இருக்கு." சின்ன வழக்குகளின் பதிவை அடியோடு அழிக்க நமக்கு ஒரு சட்டம் வேண்டும்.

டெல்டாவில் கைது எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஜூன் 12ல் மேட்டூர் திறக்கவில்லை, திறந்தும் கடைமடைக்கு வரவில்லை என்று ஊரே ரோட்டில் உட்காரும். வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் இறக்குவார்கள். ஏட்டு ஒருவர் நோட்டில் பேர், அப்பா பேர், வயசு, தெரு என்று எழுதிக்கொண்டே வருவார். மதியம் சாம்பார் சாதப் பொட்டலம். சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அந்த நோட்டிலிருந்துதான் எஃப்.ஐ.ஆரில் பேர் ஏறும்: இந்திய தண்டனைச் சட்டத்தில் சட்டவிரோதமாகக் கூடியதற்கு 143வது பிரிவு, உத்தரவை மீறியதற்கு 188, வழி மறித்ததற்கு 341. (2024 ஜூலையிலிருந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, சங்கதி அதேதான்.)

என் அக்கா மகன் பேர் அப்படி ஏறியது கல்லூரியில் படிக்கும்போது. ஒரு சம்மன்கூட வந்ததில்லை. பிறகு காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு எல்லாம் தேறி, வெரிஃபிகேஷனில் நின்றுபோனான். "தண்ணி கேட்டதுக்காடா தம்பி எம்புள்ளைக்கு வேலை இல்லேங்கிறாங்க?" என்று அக்கா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

143க்கு அதிகபட்சத் தண்டனையே ஆறு மாதம். அப்படிப்பட்ட குற்றத்தைப் பொதுவாக ஒரு வருஷம் கழிந்தபின் கோர்ட் விசாரணைக்கு எடுக்கவே முடியாது. ஆனால் ஸ்டேஷன் பதிவுக்கு அந்த மாதிரிக் கெடு எதுவும் இல்லை.

2021 பிப்ரவரியில் ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சத்தைக் கைவிடுவதாக எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அதே வருஷம் செப்டம்பரில் மீத்தேன், கூடங்குளம், எட்டுவழிச் சாலை, வேளாண் சட்டப் போராட்டங்கள் தொடர்பானவை உட்பட 5,570 வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக ஸ்டாலின் அறிவித்தார். இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஆட்சியில் இருப்பவர் மனசு வைக்கக் காத்திருக்க வேண்டுமா? வழக்கு போனாலும் பேர் போகிறதா? தமிழ்நாட்டுப் போலீஸ் வேலை விதிப்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவர்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவர்தான். 2008ல் உயர் நீதிமன்ற முழு அமர்வும் அந்த விதி செல்லும் என்றுவிட்டது.

18 வயது நிரம்பாதவர் என்றால் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24வது பிரிவு, கொடுங்குற்றம் தவிர மற்றவற்றின் பதிவுகளை உரிய காலத்துக்குப்பின் அழிக்கச் சொல்கிறது. பதினேழு வயதுப் பையனுக்குக் கிடைக்கும் இந்தக் கருணை பத்தொன்பது வயதுக்காரனுக்கு ஏன் இல்லை?

மறியல் மட்டும் இல்லை. கொள்ளிடத்தில் மாட்டுவண்டியில் மணல் அள்ளியவன்மேல் திருட்டு வழக்கு. காரைக்காலிலிருந்து நாலு பாட்டில் கொண்டுவந்தவன்மேல் மதுவிலக்கு வழக்கு. இதெல்லாம் சரி என்று சொல்லவில்லை. தண்டனை அனுபவித்தாகிவிட்டது, அப்புறம் வருஷக்கணக்கில் ஒழுங்காக இருந்திருக்கிறான் என்றால், பதிவு தானாகவே அழிய வேண்டும். விடுதலையானால், வழக்கு கைவிடப்பட்டால், உடனே அழிய வேண்டும். வக்கீலுக்குச் செலவழித்து உயர் நீதிமன்றம் போகக் கூலிக்காரன் வீட்டில் காசு ஏது? அடிதடி, பெண்கள்மேல் வன்முறை, சாதி வன்கொடுமை, மோசடி, லாரி லாரியாக மணல் கடத்தல் எதற்கும் இந்தச் சலுகை கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சட்டம் வரும்வரை தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் வேலை தருபவர் மன்னிக்கலாம் என்று 2016 அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் விருப்பம். எஃப்.ஐ.ஆர். நகலையும் வழக்கு முடிந்ததற்கான உத்தரவையும் இப்போதே வாங்கி வையுங்கள். எம்.எல்.ஏ. ஊருக்கு வரும்போது, வாய்க்கால் தூர்வாரக் கொடுக்கும் மனுவிலேயே இந்தக் கோரிக்கையையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.