பெயரை நீக்கிவிட்டுத் தேடுங்கள்

திரைப் பிரபலங்களைப் பற்றிய வதந்திகளை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்குகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். ஆனால் இணையத்தில் தேடல் எப்படி நடக்கிறது, ஒரு செய்தி எந்தெந்தக் கைகள் வழியாக வந்து சேர்கிறது என்பதைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அந்த வெட்டிப்பேச்சைத் துரத்திக்கொண்டு போனபோது தெரிந்துகொண்டதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, மூத்த நடிகர் ஒருவர் காலமாகிவிட்டார் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. தேடிப் பார்த்தேன், எட்டுத் தளங்கள் அதையே சொல்லின. எட்டுப் பேர் சொன்ன பிறகு என்ன சந்தேகம் என்று, இரங்கல் வரி ஒன்றை எழுதி நானும் பகிர்ந்துவிட்டேன். மறுநாள் காலை, அவர் நலமாக இருப்பதாகக் குடும்பத்தார் அறிவித்தார்கள். வெட்கத்தோடு அந்த எட்டுப் பக்கங்களையும் மறுபடி திறந்து வரிசையாகப் படித்தபோதுதான், எட்டிலும் மருத்துவமனையின் பெயரில் ஒரே எழுத்துப்பிழை இருப்பது கண்ணில் பட்டது. ஒருவர் எழுதியதை ஏழு பேர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். தேர்வில் காப்பியடித்தவர்களை ஆசிரியர் பிடிப்பதும் இப்படித்தான்: சரியான விடை எல்லோருக்கும் பொது, ஒரே மாதிரியான தவறு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

பெரிய பத்திரிகைகள் இதற்கு விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். மூன்று முறை ஆஸ்கர் வென்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் 2009 மார்ச் மாதம் இறந்தபோது, அவர் சொன்னதாக ஒரு வாசகத்தைத் தானே புனைந்து, அயர்லாந்து மாணவர் ஒருவர் விக்கிப்பீடியாவில் சேர்த்தார். ஆதாரம் இல்லை என்று அங்கிருந்த தன்னார்வலர்கள் அதை நீக்கினார்கள். அதற்குள் 'தி கார்டியன்' உட்படச் சில பத்திரிகைகளின் இரங்கல் கட்டுரைகளில் அது ஏறிவிட்டது. அந்த மாணவரே எழுதித் தெரிவிக்கும்வரை அவர்களுக்குத் தெரியவில்லை. ஊதியமில்லாதவர்கள் பிடித்ததை ஊதியம் வாங்குகிறவர்கள் கோட்டைவிட்டார்கள் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு, மறைப்பானேன்.

அதே ஆண்டு ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் இறந்தார். திடீரென்று குவிந்த தேடல்களைக் கூகுளின் அமைப்பு ஒரு தாக்குதல் என்று தவறாகக் கருதி, கூகுள் நியூஸில் தேடியவர்கள் சிலருக்குச் சிறிது நேரம் மன்னிப்புக் கோரும் பக்கத்தைக் காட்டியது. அந்தக் களேபரத்தில், நடிகர் ஜெஃப் கோல்ட்பிளம் நியூசிலாந்தில் பாறையிலிருந்து விழுந்து இறந்தார் என்ற புரளியும் சேர்ந்து ஓடியது. எந்தப் பெயரை இட்டாலும் அந்தப் பெயருக்கு மரணச் செய்தி தயாரித்துத் தரும் ஒரு தளத்திலிருந்து அது கிளம்பியிருந்தது. கதை ஒன்றுதான், ஆள் மட்டும் மாறுவார்.

தேடும் முறையை நான் மாற்றிக்கொண்டது இதைப் படித்த பிறகுதான். 'இன்னார் இறந்துவிட்டாரா' என்று நாம் கேள்வியாகக் கேட்கிறோம். தேடுபொறியோ அந்தச் சொற்களோடு பொருந்துகிற பக்கங்களைத்தான் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது, ஆகவே இறப்பைப் பேசும் பக்கங்களே மேலே வருகின்றன, அவற்றைப் பார்த்து நம் சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. இப்போது நான் பிரபலத்தின் பெயரை நீக்கிவிட்டு, செய்தியின் விசித்திரமான ஒரு வாக்கியத்தை மட்டும் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுகிறேன். அது வேறொருவர் பெயரில் ஏற்கெனவே உலவியிருந்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

தேடுவது தீங்கற்ற செயல் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஜெர்மனியின் முன்னாள் குடியரசுத் தலைவரின் மனைவி பெட்டினா வுல்ஃப் 2012இல் கூகுள்மீது வழக்குத் தொடுத்த கதை அந்த எண்ணத்தைக் கலைத்தது. அவர் பெயரைத் தட்டத் தொடங்கியதுமே, அவர் மறுத்து வந்த ஒரு வதந்தியின் சொற்களைத் தேடல் பெட்டி தானாக முன்மொழிந்தது. பிறர் தேடிய சொற்களைத்தான் காட்டுகிறோம் என்பது நிறுவனத்தின் பதில். அடுத்த ஆண்டு வேறொரு வழக்கில், ஒருவரின் உரிமையை மீறும் முன்மொழிவைச் சுட்டிக்காட்டிய பிறகும் நீக்காவிட்டால் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெருப்பில்லாமல் புகையுமா என்பார்கள். இங்கே, புகை வருகிறதா என்று எட்டிப் பார்க்க வந்த கூட்டத்தின் மூச்சே புகையாகிவிடுகிறது.

சென்ற மாதம் அதே குடும்பக் குழுவில் சித்தி, ஒரு பாடகி "போய்விட்டாராமே" என்று எழுதினார். பெயரை நீக்கித் தேடினேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு பாடகரைப் பற்றி எழுதப்பட்ட அதே வரிகள், நள்ளிரவு நெஞ்சுவலி முதல் பாதியில் நின்ற ஒலிப்பதிவு வரை, அப்படியே கிடைத்தன. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். சிறிது நேரம் கழித்துச் சித்தி கேட்டார்: "ஐயோ, அப்படியானால் அந்தப் பாடகரும் போய்விட்டாரா?"